மூன்றாவது முடிச்சுக்கு ஒரு ஜோகெட்

சென்ற ஞாயிறு மலாக்கா காஜா பேராங்கில் ஒரு கல்யாணம். பாட்டுப் போட்டது நான்தான். மாமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, கார் பேட்டரியை மாட்டி, கிராமபோனைத் துடைத்து வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயம். எல்லாம் சரியாக இருக்கிற நாளில்தானே ஏதாவது நடக்கும்?

நடந்தது. தம்பினிலிருந்து வரவேண்டிய மேளக்காரர்களின் லாரி வழியில் படுத்துவிட்டது.

பெண்ணின் அப்பா முனியாண்டி வியர்க்க வியர்க்க ஓடி வந்தார்.

"அண்ணே, மேளம் வரல. முகூர்த்தம் நமக்காக நிக்காது. பிளேட்ல கெட்டிமேளம் இருக்கா?"

"இருக்கு..." என்று இழுத்தேன். அந்த இழுப்பிலேயே அவருக்குப் பாதி உயிர் போயிருக்கும்.

தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? மூன்று முடிச்சும் விழும்வரை சத்தம் நிற்கக் கூடாது. நின்றால்... அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தாலும் என் கிராமபோனைத்தான் சொல்வார்கள்.

இசைத்தட்டுகளைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. நாதஸ்வரத் தட்டு அவசரப்படாது. ஏறும்... ஏறிக்கொண்டே இருக்கும். தவில் வெடிக்கும்போது தட்டு முடிந்துவிடும். ரும்பாத் தட்டில் தாளம் நடுவில் இடறும். கால் எங்கே விழுவது என்று திகைக்கும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்த இடறலில்தான் சுகம். ஜோகெட் மலாய்க்காரர் ஆட்டப் பாட்டு, அதற்குப் பொறுமையே கிடையாது. ஊசி பட்டதும் கொட்டு.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் தட்டின் வரிகளைப் படிப்பேன். மெல்லிய வாசிப்பு வழவழவென்று கறுப்பாக இருக்கும். தவில் விழுகிற இடம் சொரசொரவென்று மினுங்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். மினுக்கம் கடைசியில், நடுச்சீட்டை ஒட்டி ஒரு விரல் அகலம்தான். மூன்று முடிச்சுக்குக் காணுமா?

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டில் மலாய் பேசுகிற மலாக்கா செட்டி அம்மாள் வந்து, "அபாங், ஜோகெட் அடா கா?" என்று சிரித்தார். இருக்கிறது என்று அந்தத் தட்டைப் பக்கத்தில் எடுத்து வைத்தேன். முனியாண்டி முறைத்தார்.

"தாலி ஏறட்டும். அதுக்கு முன்னாடி ஜோகெட் சத்தம் கேட்டிச்சு, குழாயைக் கழட்டிருவேன்."

ஐயர் கை காட்டினார். ஊசியை மினுக்கத்தில் இறக்கினேன். தவில் இடித்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டும் அவர் அக்காளுடையது. அந்த அம்மாளின் விரலில் மஞ்சள் கயிறு வழுக்கியது. இரண்டாவது முடிச்சுக்கே இழுத்துக்கொண்டிருந்தார். ஊசியோ நடுச்சீட்டை நெருங்கிவிட்டது. சுற்றுகிற தட்டில் அந்த விரல் அகலத்தை அவசரத்தில் மறுபடி குறிபார்க்க முடியாது. வேறு நாதஸ்வரத் தட்டா? எல்லாம் மெல்லத்தான் ஆரம்பிக்கும்.

"என்னாங்க, ஊசியைத் தூக்குங்க" என்றாள் என் மனைவி சரசு. கையில் ஜோகெட்.

"அந்தாளு கொன்னுருவாருடி."

"மேளம்னா எடுத்த எடுப்பில கொட்டணும். இதுதான் கொட்டும். தூக்குங்க."

தூக்கினேன். சுற்றிக்கொண்டிருந்த தட்டின் மேலேயே இதைப் போட்டாள். ஒரு மூச்சு நேரம்தான். ஊசி பட்டது, ஜோகெட்டின் ரெபானாக் கொட்டு பிடித்துக்கொண்டது. அக்காளின் கை அந்தத் தாளத்தில் நிதானத்துக்கு வந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்தது. செட்டி வீட்டுப் பெண்கள் கைதட்டினார்கள்.

முனியாண்டி என்னை நோக்கி வந்தார். நான் குழாயை அவிழ்க்க எழுந்தேன்.

"உக்காருங்க லா" என்றார். "தாலிதான் ஏறிருச்சே. முழுசா ஓடட்டும்."

பந்தி நடக்கும்போது மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்ட தவில்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த மலாய் பிளேட்டை இன்னொரு தடவ போடுங்கண்ணே" என்று தவிலை மடியில் இழுத்துக்கொண்டார். பிறகு என்ன? ரெபானாவும் தவிலும் ஒன்றையொன்று துரத்தின. சாம்பார் வாளியோடு முனியாண்டியே தலையாட்டிக்கொண்டு நின்றார்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்ததிலிருந்து எல்லோரும் ஒன்றாக வாழ்வது எப்படி என்று பெரியவர்கள் மேடையில் பேசுகிறார்கள். நான் மேடைக்குக் குழாய் கட்டுகிறவன், பேசத் தெரியாது. ஆனால் அதை ஒரு ஊசியும் இரண்டு தட்டும் வைத்து நாங்கள் போட்டுக் காட்டினோம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

வரும் ஞாயிறு பண்டார் ஹிலிரில் இன்னொரு கல்யாணம். இப்போதே தூக்கம் வரவில்லை — மேளக்காரர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்களோ என்று.