எங்கள் தெருவில் விசிட்

சந்தேகப்படுவதற்காகவே மாதச் சம்பளம் வாங்கியவன் நான். ஆவடிப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. மெஷினிலிருந்து வருகிற உருப்படியைக் கையில் எடுத்ததும் இதில் எங்கோ தப்பு இருக்கிறது என்று முதலில் நினைக்க வேண்டும். அப்புறம்தான் அது எங்கே என்று தேட வேண்டும். ரிடையர் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். "கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட நீங்க வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பீங்க" என்பாள் என் மனைவி.

எங்கள் தெரு அயனம்பாக்கம் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. தொழிற்சாலைக்காரர்கள் சேர்ந்து மனை வாங்கிப் போட்ட இடம். மதுரை, தஞ்சாவூர், நாகர்கோவில் என்று எங்கிருந்தோ வந்து, குவார்ட்டர்ஸில் வருஷக்கணக்காக அடுத்தடுத்து வாழ்ந்து, ரிடையர் ஆனதும் இங்கேயும் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். எங்களைச் சேராதவர் ஒருவர்தான். எதிர் வீட்டுக்காரர். இதே ஊரில் பிறந்தவர், வாடகைக்கு வேன் விடுகிறவர். அவருடைய வேன்கள் அவர் வீட்டை ஒட்டியும் நிற்கும், எங்கள் வீட்டை ஒட்டியும் நிற்கும்.

மழைநீர்க் கால்வாயின் மேல் மூடியிருக்கிற சிமென்ட் ஸ்லாப்தான் எங்களுக்கு நடைபாதை. அதன் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றித்தான் எல்லாரும் கார் நிறுத்துவார்கள். மிச்சமிருக்கிற தெருவில், மெயின் ரோடு சிக்னலுக்குப் பயந்த பைக்குகள் குறுக்கு வழி என்று நுழைந்து பறக்கும். போன மழைக்காலத்தில் என் மனைவி காலைப் பூசைக்குப் போகும்போது, ஸ்லாப்பில் கார் மறித்ததால் கீழே இறங்கி நடந்திருக்கிறாள். பின்னால் வந்த பைக் இடித்துவிட்டது. கோயில் இதே தெருவின் கோடியில்தான். அதுவரைகூட அவளால் போக முடியவில்லை.

தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். தையல் பிரித்த அன்று டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடமே சொன்னார்: "நடக்கணும்மா. ஹால்ல நாலு சுத்து சுத்தறது நடை இல்ல. வெளிய போய் நடக்கணும். இல்லன்னா இந்தக் கால் இப்படியே இறுகிப் போயிடும், அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது." வெளியே எங்கே நடப்பது? வாக்கரைத் தூக்கிக்கொண்டு பிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன் என்றால் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "போலீஸ்காரன் கைதியக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள். நாளுக்கு நாள் அவள் கால் மடங்குவது குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் மனு. தெருவில் ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்த வேண்டும், ஸ்லாப்பில் யாரும் நிறுத்தக் கூடாது, வேகத்தடை போட வேண்டும், குழிகளை மூட வேண்டும். நான் எழுதினேன். எங்கள் சங்கச் செயலாளர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். அவர் வேலைக் காலத்தில் என்னோடு ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தவர். எல்லாருமே கையெழுத்துப் போட்டார்கள். எதிர் வீட்டு வேன்காரரும் போட்டார். "நல்ல விஷயம்தானே சார், குடு" என்று வாங்கிப் படிக்காமலே போட்டார். ஸ்லாப்பை அடைத்து நிற்கிறவனே ஸ்லாப்பைக் காலி செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறான் என்றால் அதில் ஏதோ உள்ளடி இருக்கிறது என்று அன்றே குறித்துக்கொண்டேன்.

மனு கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். ஆச்சரியமாக வார்டு ஆபீஸிலிருந்து உதவிப் பொறியாளரே போன் செய்தார். சின்ன வயசுப் பெண். மறுநாள் காலை வந்து பார்ப்பதாகச் சொன்னார். செயலாளர் உடனே வாட்ஸப் குரூப்பில் போட்டார்: நாளை அதிகாரி வருகிறார், அனைவரும் வரவும்.

நான் வழக்கம்போல் விடிவதற்கு முன்பே ஏரிக்கரைக்கு நடக்கப் போனேன். போகும்போது வண்டிகள் எல்லாம் அதது இடத்தில்தான் இருந்தன. மெயின் ரோட்டில் டீ குடித்துவிட்டு, அந்தப் பொறியாளரையும் கையோடு அழைத்துக்கொண்டு திரும்பினால், தெருவில் ஒரு வண்டி இல்லை. பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. குழிகளில் செங்கல் உடைசலைப் போட்டு மண்ணைத் தள்ளிச் சமமாக மிதித்திருந்தார்கள். வேன்காரர் வீட்டு வாசலில்கூடக் கோலம்.

"ரோடு நல்லாத்தானே சார் இருக்கு" என்றார் பொறியாளர்.

நான் என் போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். அவர் படத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். "இது இந்தத் தெருதானா சார்?" என்றார். என் வாழ்நாளில் நான் எத்தனையோ பேரைப் பார்த்த பார்வை அது. அதை என் மேலேயே யாரோ திருப்பியது அன்றுதான். "நான் வந்தப்போ என்ன பார்த்தேனோ அதைத்தான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

முதல் சந்தேகம் கவுன்சிலர் மேல். எங்கள் மனுவைப் பொய்யாக்க அவருடைய ஆட்கள் வந்து பெருக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். சாயங்காலமே எல்லா வண்டிகளும் பழையபடி ஸ்லாப்பில் ஏறி நின்றன. குழியில் போட்ட மண்ணைப் பைக்குகள் வாரி இறைத்துவிட்டன.

மறுபடியும் மனு கொடுத்தேன். இந்தத் தடவை அதிகாரி வருகிற செய்தியைக் குரூப்பில் போடக் கூடாது என்று செயலாளரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வீட்டில், காபிப் பொடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவைத்தேன். மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, கரையோரமாக வேன்கள் வந்து நின்றன. பின்னாலேயே எங்கள் தெருக் கார்கள். மூலை வீட்டுச் சிவப்புக் கார், பத்திரம் போல் உறை போட்டு வைக்கிற வெள்ளைக் கார், கடைசியாகச் செயலாளரின் கார். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே வரிசையாகக் கொண்டுவந்து ஒளித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து ஒருவர் கையை வேறு ஆட்டினார்.

பொறியாளர் வந்தார், காலித் தெருவைப் பார்த்தார், இந்தத் தடவை காபி வேண்டாம் என்றார்.

நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன். "உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். யார்கிட்ட சொன்ன?"

"நான் யார்கிட்டயும் சொல்லலப்பா."

"அப்ப உன் கார் ஏரிக்கரைக்குத் தானா நடந்து போச்சா?"

"விசிட்னாங்க. எடுத்துட்டேன். இதுல என்ன இருக்கு?"

"யாரு சொன்னா விசிட்னு?"

அவர் உள்ளே திரும்பி, "உப்புமா ஆயிடுச்சா?" என்று கேட்டார். ஒரே சீட்டில் அத்தனை வருஷம் உட்கார்ந்து வந்த மனிதர் எதையோ பூசி மெழுகுகிறார் என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

எல்லாரும் கூட்டு என்று தோன்றியது. யாருக்கும் ஸ்லாப்பை விட்டுக்கொடுக்க மனமில்லை. என் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் மனுவைக் கவிழ்க்கிறார்கள். ஒருத்தியின் கால் இறுகிக்கொண்டிருக்கிறது, இவர்களுக்குக் கார்தான் பெரிசு. இரண்டு பேர் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தாலே என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

மூன்றாம் தடவை யாரையும் கூட்டிக்கொள்ளவில்லை. நானே ஆபீஸுக்குப் போய் மன்றாடி, வருகிற நாளைக் கேட்டுக்கொண்டு வந்தேன். அன்று ஏரிக்கரைக்கும் போகவில்லை. விடியற்காலையில் மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வாக்கிங் போகிற மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, சத்தமில்லாமல் மாடிப்படி ஏறியிருந்தேன்.

முதலில் வேன்காரர்தான் வெளியே வந்தார். கையும் களவுமாகப் பிடிக்கிற அவசரத்தில் மடமடவென்று இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். சாவி அவர் கையில் இருந்தது.

"யார் சொல்லி எடுக்கறீங்க?"

"இன்னா சார் நீ, காலங்காத்தால? ஆபீஸர் வராங்கன்னு உங்க ஊட்டம்மாதான நேத்து சாயங்காலம் வந்து சொல்லிச்சு. கால் சரியில்லாத மனுஷி, அந்தக் கம்பிய ஊனிகினு ஒவ்வொரு ஊடா வந்து சொல்லும்போது எடுக்காம இன்னா பண்றது?"

நேற்று சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து, காபிப் பொடி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அதிகாரி வருகிறார் என்பதை அந்தக் காபிப் பொடியே அவளுக்குச் சொல்லியிருக்கும்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அங்கே பெரிய அதிகாரி பார்வையிட வருவதற்கு விசிட் என்று பெயர். விசிட் என்றால் கேள்வி கிடையாது. கொடிக்கயிற்றை அவிழ்ப்பார்கள், சைக்கிள்களைக் கொல்லைக்குத் தள்ளுவார்கள், குழாயடியைத் தேய்ப்பார்கள், செங்கல் ஓரத்துக்கு வெள்ளையடிப்பார்கள். கூரை ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்ததும் நாங்கள்தான், அதிகாரி வருகிறார் என்றதும் ஒழுகின கறையைச் சுண்ணாம்படித்து மறைத்ததும் நாங்கள்தான். எங்கள் பிளாக்கில் அந்த வேலைக்கெல்லாம் தலைமை என் மனைவி.

வீட்டுக்குள் வந்தேன். அவள் வெளியே போகிற சேலை கட்டி, தலை வாரி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். போன இரண்டு விசிட்டுகளின்போதும் இதே மாதிரிதான் நல்ல சேலையில் இருந்தாள். அதிகாரிக்குக் காபி கொடுப்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்‌ஷன்காரன்.

"நீ செஞ்ச வேலையால மூணு மனுவும் போச்சு" என்றேன். "உனக்காகத்தானே நான் நாயா அலையறேன்?"

அவள் சேலை மடிப்பை நீவிக்கொண்டே சொன்னாள். "மொத தடவை பழக்கதோஷம். அதிகாரி வராங்களே, தெருவ இப்படியா வச்சிருக்கறதுன்னு, வண்டிங்களுக்கு நடுவுல உயிரக் கையில பிடிச்சுட்டு எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். அன்னிக்கு விடிஞ்சு கதவைத் திறந்தா தெரு காலியா கெடக்கு. ஒரு வண்டி இல்ல. ஸ்லாப்ல ஏறினேன். அப்படியே கோயில் வரைக்கும் போயிட்டேன். நானே போனேன், நானே வந்தேன். ரெண்டாம் தடவையும் போனேன்."

"இத எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வண்டிய எடுக்க விட்டிருக்க மாட்டீங்க. அதான் செயலாளர்கிட்டயும் உங்ககிட்ட வாயத் திறக்காதீங்கன்னு சொல்லி வச்சேன்."

"சரி, அத்தன வீடும் ஏறி இறங்கத் தெரிஞ்சுதே. எனக்கு நடக்க வழி வேணும், தினமும் எடுத்து விடுங்கன்னு கேட்டிருக்கலாமே?"

"எனக்காகன்னு எப்படிங்க போய்க் கேக்கறது?" என்றாள். "விசிட்னா யாரும் ஏன்னு கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் கதவைத் திறந்து விட்டேன். அவள் ஸ்லாப்பில் ஏறி, வாக்கரை ஒவ்வொரு அடியாக வைத்து, கோயில் மணி அடிக்கிற பக்கம் போனாள். முதுகு நிமிர்ந்திருந்தது. யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. பொறியாளர் பத்து மணி வாக்கில் வந்து, காரிலிருந்து இறங்காமலே பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வண்டிகள் திரும்பி வந்து ஸ்லாப்பில் ஏறின. நான் சட்டையை மாட்டிக்கொண்டு செயலாளர் வீட்டு கேட்டில் போய் நின்றேன். பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கும் விசிட் இருக்காம்" என்றேன். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதில்லை நான்.

மறுநாள் விடியும்போது தெரு காலியாக இருந்தது. அதிகாரி யாரும் வரவில்லை. செயலாளர் அவர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கோயில் முடிந்து என் மனைவி ஸ்லாப்பின் மேல் மெதுவாக வந்துகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"விசிட் யாரும் வரலியே?" என்றார்.

"லேட்டாகும்போல. நாளைக்கு வந்தாலும் வரலாம்."

"ஓ." மறுபடி அவளைப் பார்த்தார். அவள் எங்கள் கேட் வரை வந்து, வாக்கரை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டாள். முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. செயலாளர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "அப்ப நாளைக்கும் விசிட்னு குரூப்ல போட்டுடறேன். டெய்லி வருவாங்கன்னே போட்டுடட்டுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்தார். இதில் அவருக்கு என்ன லாபம் என்று எவ்வளவு யோசித்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.