மஞ்சள் ஓடை

பையிலிருந்து மாமா அந்த எவர்சில்வர் டம்ளரை வெளியே எடுத்த கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அக்கா வீட்டில் தினமும் காப்பி குடிக்கிற சாதாரண டம்ளர்தான். புதுச்சேரியிலிருந்து இரண்டு விமானம் மாறி, ஆற்றில் படகேறி, காட்டுக்குள் நாள்கணக்கில் நடந்து, அதைத் துண்டில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். ஓர் ஓடையில் தண்ணீர் மொண்டு குடிப்பதற்காக. சரிவில் எனக்கு முன்னால் இறங்கிப் போனவர், கடைசி மரத்தைச் சுற்றித் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த நான் அவர் முதுகில் மோதிக்கொண்டேன். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எதிரே ஓடை இருக்கவில்லை.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களைச் சொல்தா என்போம். மாமா சொல்தாவாக இருந்தவர். இளம் வயதில் அவரைக் கயானுக்கு அனுப்பியிருந்தார்கள். தென் அமெரிக்காவின் வட ஓரத்தில், பிரான்சின் ஆளுகைக்குள் இருக்கிற நிலம் அது. கடற்கரையை ஒட்டிச் சில ஊர்கள், மற்றதெல்லாம் காடு. ரோந்து போன இடத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. கூட வந்தவர்கள் ஓர் ஓடைக்கரையில் இரண்டு மரங்களுக்கிடையே தூளி கட்டி அவரைப் படுக்கவைத்தார்கள். காய்ச்சல் விடும்வரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாராம். எதிர்க்கரையில் எருமை படுத்திருப்பதுபோல ஒரு பாறை, அதன் நடுவே ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் வேர்விட்ட ஒரு மரம். இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நெல்லித்தோப்பில் அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் உப்புக் கரிக்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

"இது தண்ணியா மச்சான்? நான் குடிச்சேன் பாரு ஒரு தண்ணி. உள்ளங்கையில மொண்டா ரேகை தெரியும்."

பிரான்சில் பல வருடங்கள் இருந்துவிட்டு அக்காவோடு ஊர் திரும்பியபின், ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். அந்த இடத்துக்கு மறுபடி நடந்து போகவேண்டும், துணைக்கு வருகிறாயா என்றார். நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பம்புகளைப் பராமரிக்கிற வேலையில் இருப்பவன். பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை. அக்கா சிரித்தாள். "மயிலம் மலை ஏறவே ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. காட்டுல நடக்கப் போறாங்களாம் காட்டுல." மாமா கோபப்படவில்லை. "முட்டி நல்லா இருக்கும்போதே ஒரு தடவை போயிட்டு வந்துடுறேன்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு விடிகாலையில் இருவரும் கடற்கரைச் சாலையில் முதுகில் மணல் மூட்டை கட்டிக்கொண்டு நடந்தோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அங்கே போனபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீண்ட மரப்படகில் ஆற்றை எதிர்த்துப் போனோம். பாறைகளுக்கிடையே ஆறு சீறிப் பாயும் இடங்களில் இறங்கி, இடுப்பளவு நீரில் நின்று படகைத் தள்ளினோம். படகோட்டி அந்த ஆற்றங்கரை மக்களில் ஒருவர், மாமாவின் வயது, சிக்கனமாகப் பேசுபவர். சாப்பாட்டுக்கு அவர் கொடுத்தது வறுத்த மரவள்ளி. நம்மூரில் வேகவைத்துத் தின்கிற அதே கிழங்கைத் துருவி, பிழிந்து, பொரிபோல வறுத்து வைத்திருந்தார்கள். உலகத்தின் மறுகோடியில் அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. பிறகு படகை விட்டு நடை. வானம் என்ற ஒன்று இருப்பதையே மறந்துபோனோம். பகலிலும் அந்தி வெளிச்சம். ஈரத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிற்று. விடியும் நேரத்தில் குரங்குகள் எழுப்பிய ஓலத்தை முதல்நாள் கேட்டபோது, தூளியிலிருந்து விழுந்தே விட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நடக்க நடக்க அவருக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. ஒரு மரத்தைத் தட்டி, "இவனைப் பார்த்திருக்கேன்டா நான்" என்றார். பொய்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது நம்பத் தோன்றியது.

கடைசி நாள் காலையில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. முதலில் பூச்சி என்று நினைத்தேன். கொஞ்சதூரம் போனதும் அது பூச்சியில்லை என்று தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் கேட்டு வருகிற சத்தம் அது. டீசல் பம்பு. ஏதோ அடைத்துக்கொண்டு திணறி ஓடுகிற பம்பு. மாமாவிடம் சொன்னேன். "இங்க ஏதுடா பம்பு? உன் காதுலயே மேட்டுப்பாளையம் இருக்குது" என்றார். படகோட்டியின் நடை மட்டும் மெதுவானது.

அப்புறம்தான் அந்தச் சரிவு, அந்தக் கடைசி மரம்.

வானம் தெரிந்தது. அத்தனை நாளுக்குப் பிறகு முழு வானம். அதன் கீழே, எங்கள் ஊர் உப்பளம் மைதானத்தைப் போலப் பல மடங்கு நிலம் தோலுரித்துக் கிடந்தது. வரிசையாகக் குழிகள். குழிகளில் மஞ்சள் கரைத்ததுபோலக் கெட்டித் தண்ணீர். வேர்கள் ஆகாயத்தைப் பார்க்க மல்லாந்து கிடந்த மரங்கள். ஒரு குழிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று ஓர் ஆள் ரப்பர் குழாயைக் கரையை நோக்கிப் பிடித்திருந்தான். தண்ணீர் அடித்த வேகத்தில் கரை கரைந்து கரைந்து விழுந்தது. அந்தச் சேற்றை இன்னொரு பம்பு உறிஞ்சி, சாய்த்து வைத்த நீண்ட மரத்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தது. திருட்டுத்தனமாகத் தங்கம் எடுக்கிறவர்கள். பொடித் தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் கலப்பார்கள் என்றும், அது ஆற்று மீனில் ஏறி, மீன் தின்கிறவர் உடம்பிலும் ஏறிவிடும் என்றும் படகோட்டி பிறகு சொன்னார்.

"வழி தப்பிட்டோம் மச்சான்" என்றார் மாமா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இது இல்லடா. வேற இடம் இது."

படகோட்டி கையை நீட்டிக் காட்டினார். குழிகளுக்கு அப்பால் அந்தப் பாறை இருந்தது. எருமை படுத்திருப்பதுபோல. நடுவே வெடிப்பு. மரம் மட்டும் இல்லை. மாமா அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது. நான் கூப்பிட்டேன், தோளைத் தொட்டேன், அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சரியாக இல்லை. என் மூளை அந்தப் பம்பு ஏன் திணறுகிறது, எங்கே அடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதிர்ச்சியில் மனிதனுக்கு என்னவெல்லாம் தோன்றும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நீலத் தார்ப்பாய்க் கொட்டகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சமைப்பவள். எங்களைக் கண்டு முதலில் மிரண்டவள், போலீஸ் இல்லை என்று படகோட்டி சொன்னதும் சமாதானமாகி, சர்க்கரை மிகுந்த காப்பி கொடுத்தாள். நல்ல மனுஷி. எங்கள் கால் புண்களைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். என் கழுத்துச் சங்கிலி சட்டைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என் கல்யாணத்துக்கு அக்காவும் மாமாவும் போட்டது. அவள் அதை விரல்நுனியால் தூக்கிப் பார்த்து, படகோட்டியிடம் என்னவோ கேட்டாள். அவர் பிரெஞ்சில் மாமாவிடம் சொன்னார். "என்ன கேக்குறாங்க மாமா?" என்றேன்.

"உங்க ஊர்ல ஆம்பளைங்களும் போடுவாங்களான்னு கேக்குது."

"என்ன சொல்லட்டும்?"

மாமா தானே திரும்பி அவளிடம் பேசினார். எல்லோரும் போடுவோம், பிறந்த குழந்தைக்கும் போடுவோம் என்று சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னார். படகோட்டி அதை அவள் மொழியில் சொன்னதும், அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பரிகாசம் இல்லை, உண்மையான வியப்பு. அவள் கழுத்திலும் காதிலும் ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. நான் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன். இங்கே நிற்பது நல்லதில்லை என்று படகோட்டி அவசரப்படுத்தினார். கிளம்பினோம்.

திரும்பும் வழியெல்லாம் அந்த டம்ளர் மாமாவின் பைக்குள்ளேயே கிடந்தது. அக்கா வாசலில் நின்று, "எப்படிங்க இருந்துச்சி உங்க ஓடை?" என்று கேட்டபோது, "குளிச்சிட்டு வந்துடுறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த சில மாதங்களில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு புதுச்சேரியிலேயே, சாரம் பகுதியில். நேரு வீதியில் ஒரு நகைக்கடைக்கு எல்லோரும் போனோம். கடைப்பெண் வெல்வெட் தட்டில் ஆரங்களை அடுக்கி, ஒன்றை எடுத்து மகளின் கழுத்தில் வைத்துக் காட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் அது மஞ்சளாக மின்னியது. மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். வெளியே போய்ச் சாக்கடையோரம் குந்தி வாந்தி எடுத்தார். நான் ஓடிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சுவலியோ என்று பதறிப்போனோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னாலேயே ஓடிவந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"என்னால இதை வாங்க முடியாதும்மா."

அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பணம் இல்லை என்கிறாரோ என்று முதலில் நினைத்தாள். காட்டில் பார்த்ததை நான் சொல்லி, அதுவல்ல என்று புரிந்ததும் இன்னும் பயந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்தினாள். "ஒரே பொண்ணு. ஊரே பார்க்கும். எவனோ எங்கியோ குழி வெட்டினதுக்கு எம் பொண்ணு வெறுங்கழுத்தோட நிக்கணுமா?" மாமா எதிர்த்துப் பேசவில்லை. தன் முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை. வீட்டில் இருக்கிற பழைய நகை எல்லாவற்றையும் போடலாம், புதிதாக ஒரு பொட்டும் வேண்டாம் என்றார். அக்கா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் செய்தி போய், அவரே கிளம்பி வந்தார். மாமா தன் செல்போனில் எடுத்திருந்த படங்களைக் காட்டினார். அந்த அம்மாள் மரியாதைக்காகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பாவமாத்தான் இருக்குது சம்பந்தி. ஆனா உலகமே வாங்குது. நீங்க ஒருத்தர் வாங்கலன்னா அந்தக் காடு முளைச்சிடுமா?"

"முளைக்காதும்மா" என்றார் மாமா. "எனக்குக் கை வரல. அவ்ளோதான்."

அந்த அம்மாள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தோம். இரண்டு வாரம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கடைசியில் மகளும் மாப்பிள்ளையும் தாங்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள். மகள் அக்காவிடம் போய், "உன்னோடதைப் போட்டுக்கறேம்மா. எனக்கு அதுதான் புடிச்சிருக்குது" என்றாள். தாலியும் அக்காவின் பழைய கம்மலை உருக்கிச் செய்ததுதான். மண்டபத்தில் எல்லோரும் அதைப்பற்றியே பேசினார்கள். மாமாவின் பழைய சொல்தா நண்பர்கள்கூட அவரைத் தனியே அழைத்துப்போய், உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இன்றுவரை அக்கா வீட்டு வாசற்படி மிதித்ததில்லை.

பிறகு படகோட்டியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பட்டாளம் வந்து அந்தத் திருட்டுச் சுரங்கத்தைக் காலிசெய்துவிட்டது, ஊர்க்காரர்கள் சிலர் அங்கே செடி வைத்துப் பார்க்கிறார்கள் என்றார். மாமா அன்றைக்கே பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்தார். அதுமுதல் வருடாவருடம் மழை ஓய்ந்த மாதங்களில் போய், அவர்களோடு செடி நட்டுவிட்டு வருகிறார். பாதி பிழைப்பதில்லை என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது.

போன தடவை அக்கா தானும் வருவதாகச் சொன்னாள். யாரும் கூப்பிடவில்லை. "இந்த மனுஷன் எதுக்காக என்னை ஊர் முன்னாடி தலைகுனிய வெச்சார்னு ஒரு தடவை பார்த்துடுறேன்" என்றாள். எங்களைப்போல நடக்க முடியாது என்பதால், ஓடை ஆற்றில் கலக்கிற இடம்வரை படகிலும், அங்கிருந்து மெல்ல மெல்ல நடத்தியும் மாமா கூட்டிப்போனாராம்.

அவர்களை அழைத்துவரச் சென்னை விமான நிலையத்துக்குக் காரோடு போயிருந்தேன். மாமா பின்சீட்டில் ஏறியதும் தூங்கிவிட்டார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திண்டிவனத்தில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு அந்தக் குழியோரம் நின்னேன்டா" என்றாள். "காலை வெக்க முடியல. சுத்தி அவ்ளோ காடு, நடந்து வந்த வழியெல்லாம் ஜில்லுனு ஈரம். அங்க மட்டும் மண்ணு சுடுது. காட்டுக்குள்ள மண்ணு சுடுமாடா?"

டீ ஆறும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.