சிவக்குமார் போனுக்கு வந்த ஓட்டுகள்

ராசிங்காபுரத்து மகாராணி சங்கத் தேர்தலில் நிற்கிறாள் என்றதும், வேலைக்குப் போகும் ஜீப்பில் எழுந்த முதல் கேள்வி, "மகாராணிக்கு எதுக்குடி ஓட்டு?" கேட்டவள் கருத்தம்மாள். எதிர்த்து நிற்பவளும் அவள்தான்.

மகாராணிக்கு ஓட்டு ஒரு பழைய ஏக்கம். ஏலக்காய் எடுக்கும் பெண்களின் சங்கத்தில் பல வருடமாக இருந்தும் அவள் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. தேர்தல் போடியில் நடக்கும்போது, அவள் மலைமேல் எஸ்டேட் லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில், தங்கி வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது தினமும் ஜீப்பில் போய்த் திரும்புகிறாள் என்றாலும் லயத்துப் பெண்களை மறக்கவில்லை. "அவுக போன்ல போடட்டும்" என்று சண்டை பிடித்துச் சங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்தாள். ஜெயிக்கும் ஆசையும் இருந்தது. தலைவிக்கு ஜீப்பில் முன்சீட். அந்த ஆசையை அவள் மறைக்கவில்லை.

போடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் முஸ்கான் ஏற்பாடு செய்தாள். உறுப்பினரின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை அடித்தால் ஓட்டுப் போடலாம்.

ஓட்டுப் போடும் நாளன்று மத்தியானம் மகாராணியின் தம்பி, ஜீப் டிரைவர் சிவக்குமார், மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, ஜெயிச்சுட்ட!"

"ஓட்டே இன்னும் முடியலையேடா."

"லயத்து நம்பரு பூரா எனக்குத்தேன் வந்துச்சு. எல்லாத்தையும் உனக்கே போட்டுட்டேன்!"

எஸ்டேட்டில் டவர் இல்லை; வேலை முடிந்து போடிமெட்டுக்கு வந்தால்தான் போன் எடுக்கும். ஊரிலிருந்து அவசரச் சேதி என்றால் ஜீப்பில்தான் மலையேறும். அதனால் யார் எங்கே போன் நம்பர் கேட்டாலும் லயத்துப் பெண்கள் சிவக்குமார் நம்பரைச் சொல்லிப் பழகியிருந்தார்கள். சங்கத்திலும் அதையே சொல்லியிருந்தார்கள்.

மகாராணிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு, கருத்தம்மாளின் தம்பி இதைச் செய்திருந்தால் தான் என்ன பேசியிருப்போம் என்று யோசித்தாள். நேராகக் கருத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு முஸ்கானிடம் போனாள்.

"இது செல்லாது தாயி. நிப்பாட்டு."

"என் தப்புத்தேன்க்கா. இத்தன பேருக்கு ஒரே நம்பரான்னு நான் பாத்திருக்கணும்" என்றாள் முஸ்கான்.

கருத்தம்மாள் வாயில் கை வைத்தாள். "ஜெயிச்சத வேணாங்குற, கிறுக்கியாடி நீ?"

"நீ நம்ப மாட்டியே மதினி."

"நம்ப மாட்டேன்தேன். ஊரு பூரா சொல்லிருப்பேன்."

ஜெயித்தவர் எந்தத் தேர்தலையும் நம்பிவிடுவார். தோற்றவரும் நம்பும்படி நடத்துவதுதான் பாடு. மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். அவரவர் போன், அவரவர் நம்பர். போன் இல்லாதவர்களுக்குச் சீட்டும் பெட்டியும். பக்கத்தில் நின்று யாராவது மிரட்டிப் போட வைத்தால், சாயங்காலத்துக்குள் மாற்றிப் போடலாம்; கடைசியாகப் போட்டதுதான் கணக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்களை ஜீப்பில் ஏற்றி, டவர் கிடைக்கும் போடிமெட்டுக்குக் கொண்டுவந்தான் சிவக்குமார். டீக்கடைக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போய் ஓட்டுப் போட்டார்கள். "ஒருத்தி போன ஒருத்தி எட்டிப் பாக்காதீக!" என்று கருத்தம்மாள் காவல் நின்றாள். மற்றவர்கள் பஜ்ஜி தின்று, பனியில் நடுங்கி, சத்தமாகச் சிரித்தார்கள். சாயங்காலம்வரை திருவிழாதான்.

கருத்தம்மாள் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

மகாராணியின் முகம் வாடியது.  பிறகு, முதன்முதலாக ஓட்டுப் போட்ட லயத்துப் பெண்கள் ஜீப்பில் ஏறாமல் இன்னமும் அதையே பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"சரியாத்தேன் தோத்துருக்கேன் மதினி" என்று கருத்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை முன்சீட்டில் கருத்தம்மாள். பின்னால் நெருக்கியடித்த கூட்டத்தில் மகாராணி. யார் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடியது என்பதுகூட அந்த ஜீப்பில் மறையாது. ஆனால் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது மட்டும், எத்தனை கிண்டினாலும் கிள்ளினாலும், வெளியே வரவில்லை. வளைவுக்கு வளைவு சிரிப்பு.

கருத்தம்மாள் பொறுக்காமல் திரும்பினாள். "ஏ மகாராணி, நீயாச்சும் உனக்குத்தேன் போட்டியா?"

"அதுவும் ரகசியந்தேன் தலைவி!"