மாமா வீட்டுக் குத்தூசி

மனிதர்களின் வயிற்றில் குத்தி, உள்ளே இருப்பதைச் சாம்பிள் எடுத்துப் பார்க்க ஒரு கருவி உண்டு என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். போடியில் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசியைச் செருகி இழுப்பார். அதன் குழிவில் பத்துக் காய் வந்து உட்காரும். மேலே பச்சைக் காயும் நடுவில் சருகுமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர் முகம் அந்த நொடியில் சுருங்கிப்போகும். குத்தூசிக்கு முன்னால் எந்த மூட்டையும் பொய் சொல்ல முடியாது.

அந்த முழுப்பரீட்சை லீவில் குரங்கணியில் மாமா வீட்டில் இருந்தேன். மாமா, அம்மாவின் தம்பி. ஒரு காப்பித் தோட்டமும் வாய் நிறையக் கேலியும் அவருடைய சொத்து. பரணில் அத்தை மருந்துக்கு வைத்திருந்த மலைத்தேனை இரண்டு நாளாக நக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நக்கிவிட்டு இறங்கும்போது கால் பட்டு ஒரு தகரப்பெட்டி கீழே உருண்டது. அதிலிருந்து விழுந்தது, பித்தளைப் பிடி போட்ட, ஒரு சாண் நீளக் கூர்மையான ஊசி. பிடியை இழுத்தால் ஊசி தனியே வந்தது, அதை மூடியிருந்த குழல் கையில் நின்றது.

சத்தம் கேட்டு வந்த மாமா, "எஸ்டேட்டு துரை விட்டுட்டுப் போனது மாப்ளே. வயித்துல சொருகி ஊசியை உருவிட்டா, உள்ள இருக்கிறது குழல் வழியா வெளிய வந்துரும்" என்றார்.

"யாரு வயித்துல மாமா?"

அவர் என் வாயோரத்தைப் பார்த்தார். "தேனைத் திருடித் தின்னவன் வயித்துல."

அன்றிரவு தொப்புளைக் கையால் பொத்திக்கொண்டு தூங்கினேன். விடிந்ததும் முதல் சோலியாக அந்த ஊசியைக் கொண்டுபோய் ஓடையில் ஒரு கல்லுக்கடியில் செருகிவிட்டேன். நாட்டில் உள்ள தேன் திருடர்கள் அத்தனை பேரையும் காப்பாற்றிய நிம்மதி.

இரண்டு நாள் கழித்து, மழை விட்ட மத்தியானம், கொல்லையிலிருந்து மாமா கத்தினார்.

"அந்தக் குத்தூசியைக் கொண்டா, வெரசா! வயிறு ஊதிப்போச்சு!"

என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று தட்டுச் சோற்றுக்குப் பிறகு அது ஊதித்தான் இருந்தது. கொய்யா மரத்தில் நான் ஏறிய வேகத்தைக் குரங்கு பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

அத்தை மரத்தடிக்கு ஓடிவந்தாள். "அப்பு, பித்தளைப் பிடி போட்ட ஊசி, பரண்ல இருந்துச்சே, பாத்தியாய்யா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவள் கண் கலங்கியிருந்ததைக்கூட, என்னைப் பிரியப்போகும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அவள் ஓடிய திசையில், மரத்து உச்சியிலிருந்து கொல்லை தெரிந்தது. செவலை படுத்திருந்தது. கல்யாணத்துக்குத் தேவாரம் ஊரிலிருந்து அத்தையோடு சீராக வந்த பசுவின் கன்று, அப்போது சினை. கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஈரத் தட்டைப்பயறை மேய்ந்திருக்கிறது. இடப்பக்க வயிறு மத்தளம் மாதிரி உப்பி நின்றது. மாமா அதன் வாயில் எண்ணெய் ஊற்றினார், கையால் அமுக்கினார், காப்பிச் செடி கழிக்கும் கத்தியை எடுத்தார், குத்தத் துணியாமல் கீழே போட்டார்.

"ஜீப்பு லோடோட கீழ போயிருச்சு, டாக்டரு எப்படி வருவாரு? அந்த ஊசி இருந்தா காத்தை வெளிய விட்டுருவேனே ஆத்தா, காத்தை வெளிய விட்டுருவேனே" என்று செவலையிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. குதித்து ஓடைக்கு ஓடினேன். எந்தக் கல் என்று தெரியவில்லை, மழையில் எல்லாக் கல்லும் ஒன்றுபோல் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டி, ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது செவலையின் கால்கள் விறைத்துவிட்டன.

மாமா என் கையிலிருந்த ஈர ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கி மடியில் செருகிக்கொண்டார். பிறகு அத்தையிடம், "தோட்டத்துச் செட்டுல நாந்தேன் வச்சு மறந்துட்டேன் போலருக்கு" என்றார்.

"உங்க கை வெளங்குமா?" என்று அத்தை மண்ணில் அடித்து அழுதாள். ஒளித்தது நான்தான் என்று கண்டுபிடிக்கத் தெரியாத மாமாவை நினைத்து எனக்கு உள்ளூரச் சிரிப்பு. அவர் எதைச் சுமந்துகொண்டார் என்று தெரிகிற வயதில்லை. தெரிந்த வயதிலும் நான் சொல்லவில்லை.

போன வருசம் மாமா இறந்தார். தன் செவலையை மறதியில் கொன்ற மனுசன் என்று அதையும் சொல்லித்தான் அத்தை அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.