பெண் குரலில் வந்த பதில்

அம்மனை நம்பி வாழும் உறவுகளே, என் பெயர் ருக்குமணி. மலேசியாவில் செர்டாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும்.

என் இடது காது கேட்காது. வலது காது பாதிதான் கேட்கும். பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதால் வந்த வினை. போன வருடம் ஆடி மாதம் டாக்டர் சொல்லிவிட்டார், அந்தச் சத்தத்தில் இன்னும் இருந்தால் மீதிக் காதும் போய்விடும் என்று. வேலையை விட்டேன். கணவர் இறந்து நான்கு வருடம். படிக்கிற பிள்ளைகள் இருவர். இனி என்ன செய்வது?

வேறு வேலைகளுக்கு எழுதிப் போட்டேன். இப்போதெல்லாம் முதல் நேர்காணல் போனில்தான். நேரில் என்றால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் எந்த உதட்டைப் பார்ப்பது? முதலில் அழைத்தவர் எத்தனை வருட அனுபவம் என்று மலாயில் கேட்டிருக்கிறார். வயதைக் கேட்கிறார் என்று நினைத்து நாற்பத்திரண்டு என்றேன். அவர் சிரித்தது மட்டும் தெளிவாகக் கேட்டது. அன்று முழுக்க அழுதேன்.

அடுத்த அழைப்புக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவு உதவியாளர் வேலை. என் அண்ணன் மனைவி பரமேஸ்வரி உதவிக்கு வந்தார். அண்ணி பின்னறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்து கேள்வி கேட்பார். நான் முன்னறையில் இருந்து பதில் சொல்வேன். எதைத் தவற விடுகிறேன் என்று நோட்டில் குறித்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி போய்விடவில்லை. 'ஸ', 'ச' வந்தால் நழுவுகிறது. 'ம', 'ல' நிற்கிறது. அண்ணியின் மெல்லிய குரல் பாதி கரைகிறது. அண்ணன் பேசினால் தடித்த குரல் அப்படியே வந்து சேர்கிறது. இத்தனை வருடம் கூடவே இருந்த காதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். பயத்தை மீறி எனக்கு அது அதிசயமாக இருந்தது.

"ருக்கு, காது விஷயத்த மட்டும் சொல்லிடாத லா. தெரிஞ்சா எடுக்க மாட்டாங்க" என்றார் அண்ணி.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். எலுமிச்சை விளக்கு ஏற்றி ஒன்றே ஒன்று கேட்டேன். "அம்மா, பேசுறது ஆம்பளையா இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. எடுத்தேன். பெண் குரல். அதுவும் நூல் மாதிரி மெல்லிய குரல்.

அம்மா, இதைத்தானே வேண்டாம் என்றேன்? முதல் கேள்வி வந்தது. ஒரு சொல் பிடிபடவில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "புவான், மன்னிக்கணும். எனக்குக் காது சரியாக் கேக்காது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று அந்தப் பெண்ணிடம் மரியாதையாக மலாயில் சொல்லிவிட்டேன். பின்னறை வாசலில் நின்ற அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் அதே குரல் நிறுத்தி நிறுத்தி வந்தது. காது எப்படிப் போனது என்று கேட்டார். சொன்னேன். தொழிற்சாலையில் வேறு யாருக்காவது அப்படி இருந்ததா என்றார். இருந்தது என்றேன். இடைவேளையில் யார் கத்திப் பேசுவார்கள், யார் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள், காதடைப்பானை ஏன் கழற்றி வைப்பார்கள், எல்லாம் சொன்னேன். என் 'ஸ', 'ச' கதையையும் சொன்னேன். அவர் சிரித்தார். அது வேறு மாதிரிச் சிரிப்பு.

தொழிலாளர்களின் காதுப் பரிசோதனைப் பதிவுகளைப் பார்த்து, காதடைப்பான் போட வைப்பதுதான் அந்த வேலையாம். "இதுவரைக்கும் பேசினவங்க எல்லாம் விதிமுறைய ஒப்பிச்சாங்க. நீங்கதான் ஆளுங்களப் பத்திப் பேசினீங்க. அடுத்த வாரம் நேர்ல வாங்க" என்றார்.

வேலை கிடைத்தது. எட்டு மாதமாகப் போகிறேன். காது திரும்பவில்லை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் கேட்காதபோது கேட்டதுபோல் தலையாட்டும் பழக்கம் போய்விட்டது. பிள்ளைகளிடம்கூட "திருப்பிச் சொல்லு" என்று கேட்கிறேன். முன்பு அதற்கே வெட்கப்படுவேன்.

ஆண் குரல் வந்திருந்தால் காதைப் பற்றி வாயே திறந்திருக்கமாட்டேன். நானும் விதிமுறையை ஒப்பித்திருப்பேன். அம்மா அதற்காகத்தான் என் வேண்டுதலைத் தள்ளிவைத்தாளா? இன்னும் யோசிக்கிறேன், முழுதாகப் புரியவில்லை. புரியாமலே அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உறவுகளே, நீங்களும் உங்கள் குறையை அவள் முன்னால் வைத்துப் பாருங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்றால் உடனே சோர்ந்துவிடாதீர்கள். என்ன வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். பிறகு என்னிடமும் வந்து சொல்லுங்கள். தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.