கால்ஜோசியரும் ஆறு ஜோடி ஷூவும்

"மூஞ்சி பொய் சொல்லும், நாக்கு பொய் சொல்லும். காலு சொல்லாது. இருபத்தாறு வருஷமா காலப் பாத்துத்தான் யாவாரம் பண்றேன். என்ன ஏமாத்துற காலு இன்னும் இந்த உலகத்துல நடக்க ஆரம்பிக்கல."

இப்படி முழங்கியவர் எங்கள் தெருமுனைச் செருப்புக்கடைக்காரர். தெரு அவருக்குச் சூட்டிய பட்டம் கால்ஜோசியர். பட்டம் சும்மா வந்ததில்லை. வந்தவர் முக்காலியில் உட்கார்ந்து பழைய செருப்பைக் கழற்றியதும் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். "மாடி வீடா?" என்பார். மாடி வீடாகத்தான் இருக்கும். மகளுக்குப் பார்த்த பையனை, ஷூ வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிவந்து காட்டிய தகப்பனும் உண்டு. இவர் தலையாட்டிய பிறகுதான் கல்யாணத் தேதி குறித்தார்கள்.

இந்த மேதைமையின் சிகரம் கடைக் கேமரா. மற்ற கடைகளில் அது கூரையிலிருந்து முகத்தைப் பார்க்கும். இவர் அதைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பொருத்தியிருந்தார். "திருடன் தொப்பி போட்டு மூஞ்சிய மறைப்பான். கால எங்க கொண்டுபோயி மறைப்பான்?" விஞ்ஞானிகளுக்கே தோன்றாத கோணம்.

போன மாதம் ஒரு ஜோடி பாதம் வந்தது. அதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் தழைகிறது. எட்டாம் நம்பர். வில்லாய் வளைந்த உள்ளங்கால், கைக்குழந்தையின் குதிகால், கழற்றிய செருப்பில் இரு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்த அடி. "இப்படி நடக்குறவன் மனசுல கோணலே இருக்காது" என்று கல்லாவில் இருந்த மனைவியிடம் கிசுகிசுத்தார். பாதங்களின் உரிமையாளர் ஆறு ஜோடி தோல் ஷூ எடுத்தார். கிரெடிட் கார்டில் சிப் கெட்டுவிட்டது, நம்பரை மெஷினில் அடித்துக்கொள்ளுங்கள் என்றார். கால்ஜோசியர் அடித்தார். கார்டில் இருந்த பெயரைப் படிக்கவில்லை, நீட்டியவரின் முகத்தையும் பார்க்கவில்லை. கண் கீழேயே இருந்தது.

மூன்றாம் வாரம் வங்கியிலிருந்து கடிதம். கார்டுக்குச் சொந்தக்காரர், தான் எதையும் வாங்கவில்லை என்கிறாராம். வாங்கியது அவர்தான் என்றால் பணம் அவர் பொறுப்பு. இல்லையென்றால், நம்பரைக் கையால் அடித்த கடையின் பொறுப்பு, அபராதம் தனி. வங்கிக்கு எந்தப் பக்கமும் பொறுப்பில்லை. இத்தனை சேற்றில் வேட்டி நனையாமல் கரையேறும் வித்தையை எழுந்து நின்று கும்பிடத்தான் வேண்டும். திருடனைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

கூடவே ஒரு படிவம். 'வாங்கியவர் கார்டுதாரர்தானா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். காரணம் எழுத நாலு கோடு. கேமராவில் காலைத் தவிர ஒன்றும் விழவில்லை. ஆகவே கால்ஜோசியர் வைத்ததே தீர்ப்பு.

"ஆம்னு போடுங்க" என்றாள் மனைவி. "ஷூவும் போச்சு, பணமும் போகணுமா? மூணு மாசக் கடை வாடகைங்க."

"அந்தக் கார்டுக்காரரு யாருன்னே தெரியாதேடி."

"அதான் வசதி. தெரியாதவன் தலைலதான் கூசாம கட்டலாம்."

மறுநாள் அந்தத் தெரியாதவர் கடை வாசலில் வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்.

"கார்டு பில்லுல உங்க கடை பேரு இருந்துச்சு சார். நான் இந்தத் தெருவுக்கே வந்ததில்ல. வட்டி வேற ஏற ஆரம்பிச்சிருச்சு. நீங்க உள்ளத எழுதினீங்கன்னா..."

"வாங்கினவங்க எல்லாரும் வாங்கலன்னுதான் தம்பி சொல்வாங்க" என்றாள் மனைவி.

கால்ஜோசியர் முக்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. செருப்பக் கழட்டுங்க."

"நான் எதுவும் வாங்க வரல சார்."

"தெரியும். கழட்டுங்க."

பாதம் ரொட்டிக்கல்லைப் போலத் தட்டை. எப்போதோ ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஏறிச் சுண்டுவிரல் நசுங்கியிருந்தது. குதிகால் வெடிப்பில் நாணயத்தைச் செருகி வைக்கலாம். அளவுத் தட்டில் ஏழு காட்டியது. கால்ஜோசியர் கையை எடுக்கவில்லை. கோயில் தூணைத் தடவுகிறவர் போல அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் நிக்கிறீங்க?"

"உக்கார்ற நேரத்தக் கேளுங்க சார், சட்டுன்னு சொல்லிடுவேன்."

மனைவி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வில் பாதங்களைக் கேமராவில் அவளும் நாலைந்து தடவை பார்த்தவள்தான். அளவுத் தட்டில் நம்பரைப் படித்தாள். பிறகு டிராயரைத் திறந்து பேனாவையும் கடை முத்திரையையும் எடுத்துக் கணவர் பக்கம் தள்ளினாள்.

'இல்லை' என்ற கட்டத்தில் கோடு விழுந்தது. காரணத்துக்கு விட்டிருந்த நாலு கோட்டில் ஒன்றே போதுமானதாக இருந்தது. கால்ஜோசியர் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படிப்பவரைப் போல மெதுவாக எழுதினார்:

"காலைப் பார்த்து ஏமாந்தேன்."

தேதி போட்டு, முத்திரையை நேராக வைத்தார்.