சேதமில்லை என்று எழுதியவன்

பெரியண்ணனின் நிலம் போனதற்குக் காரணம் நான். காற்று அல்ல, வட்டிக்காரன் அல்ல, அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு பொய்யும் அல்ல... நான்தான்! இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் விதிமுறைகளைப் படித்துவிட்டு நீங்கள் என்னை மன்னித்துவிடக் கூடும். படிப்பவர் மன்னித்துவிடும்படி எழுதத்தான் நாங்கள் பழகியிருந்தோம்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. திருச்சியில் ஒரு கூட்டுறவு வங்கியில் நான் மேற்பார்வையாளன். ஸ்ரீரங்கத்தில் வீடு, பி.ஏ. பட்டம், ஒரு சைக்கிள். ஜீயபுரம் பக்கத்துக் கடன் சங்கங்கள் என் பொறுப்பு. எங்கள் அலுவலகச் சுவரில் 'உழவருக்கு உறுதுணை' என்று எழுதியிருக்கும். வெள்ளையடிக்கும்போதெல்லாம் அதையும் புதுப்பிப்பார்கள்.

பெரியண்ணன் சங்கத்தில் கடன் வாங்கிக் காவிரிக் கரையில் ரஸ்தாளி வாழை போட்டிருந்தவர். வாய்த்துடுக்கு அதிகம். ஒரு சங்கக் கூட்டத்தில் வாழைக்கு உரம் வைப்பது பற்றி நான் விரிவாகப் பேசி முடித்ததும் எழுந்தார்.

"சார் சொன்னா சரியாத்தாங்க இருக்கும். ஆனா சார் வாழையைப் பாத்ததெல்லாம் சோறு போட்ட இலையிலதான!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்காமலே வீடுவரை சைக்கிள் மிதித்தேன்.

அடுத்த வைகாசியில் காற்று வந்தது. தார் விட்ட வாழைகள் கரை நெடுகச் சாய்ந்தன. இதற்கென்று எங்களிடம் ஒரு விதி இருந்தது, நல்ல விதிதான். பாதிக்கு மேல் மரம் சாய்ந்திருந்தால் கடன் தவணை அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போகும். மறு நடவுக்குப் புதுக் கடனும் கிடைக்கும். மேற்பார்வையாளன் வாழைக் கொல்லைக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். விவசாயியையும் கேட்க வேண்டும். அவ்வளவே.

நான் போன அன்று பெரியண்ணன் கொல்லைப் பக்கம் இரண்டு வில்வண்டிகள் நின்றன. அவர் மகள் தனபாக்கியத்தைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணைப் பார்த்த பிறகு கொல்லையைப் பார்ப்பது வழக்கம். வரிசையை மாற்றிச் செய்பவர்களும் உண்டு. மாப்பிள்ளையின் தகப்பனார் வண்டிப்பாதையில் நின்று வாழைகளைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

பாதையோரத்து வரிசைகள் நிமிர்ந்து நின்றன. நெருங்கியதும் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் புது மூங்கில் முட்டு. அடியில் ஈரமண் அள்ளி மிதித்த தடம். வேரோடு சாய்ந்தவற்றைக் காலையில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்! அன்று ஒரு நாள் நிற்கும், பிறகு இலை துவண்டுவிடும். அவருக்கு அந்த ஒரு நாள்தான் வேண்டியிருந்தது. வரிசைகளுக்குப் பின்னால் வெறும் வானம் தெரிந்தது. மரம் நிற்கும் கொல்லையில் வானம் அப்படித் தெரியாது. இலையில் மட்டுமே வாழையைப் பார்த்தவனுக்கே அது தெரிந்தது...

அவரைத் தனியே அழைத்திருக்கலாம். மறுநாள் வந்திருக்கலாம். வந்தவர்கள் காதில் நன்றாக விழும்படி கேட்டேன்.

"என்ன பெரியண்ணன், காத்துல சேதம் ஏதும் உண்டா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்தார்.

"நம்ம கொல்லைக்கு ஒண்ணும் இல்லீங்க சார். அங்கங்க நாலஞ்சு சாஞ்சிருக்கும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. எழுதினா எழுதினதுதான்."

"எழுதிக்குங்க சார்."

"ஆபீசரே பாத்துட்டு எழுதுறாரு, அப்புறம் என்ன!" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

கொல்லைக்குள் நான் இறங்கவில்லை. 'சேதமில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வஞ்சமா அது? அல்லது ஒரு பெண்ணின் கல்யாணம் கெடக் கூடாதென்ற கருணையா? வெகு காலம் கருணை என்றே சொல்லிவந்தேன். கருணையென்றால் அடுத்த வாரம் மறுபடி போயிருப்பேனே! ஏனெனில் இன்னொரு விதி இருந்தது. மாதம் முடிவதற்குள் மேற்பார்வையாளன் தானாகவே மறுபடி பார்வையிட்டு, முன்பு எழுதியதைத் திருத்தலாம். யாரையும் கேட்க வேண்டாம். அந்த விதி எனக்குத் தெரியும். பெரியண்ணனுக்குத் தெரியாது.

கல்யாணம் நிச்சயமானதும் அவர் அலுவலகத்துக்கு வந்தார். மாதம் இன்னும் முடியவில்லை. துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது..."

"உங்க வாயால சொன்னதுதானே?"

"ஆமாங்க." துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "எம் புத்தி அப்படிப் போச்சு. உங்களைச் சொல்லி என்னங்க இருக்கு? போயிட்டு வரேன் சார்."

போய்வாருங்கள் என்றேன். மரியாதையில் நான் குறை வைத்ததில்லை!

தவணை தவறியது. தவறியவருக்குப் புதுக் கடன் கிடையாது. மறு நடவுக்கு டவுனில் வட்டிக்காரனிடம் போனார். சில ஆண்டுகளில் நிலம் கைமாறியது. பிறகு அதே கொல்லையில் கூலிக்கு மண் அணைத்தார். நான் சைக்கிளில் கடந்தால் நிமிர்ந்து கும்பிடுவார். பதிலுக்கு நான் மணியடிப்பேன்.

ஓய்வு பெற்ற பின், ஒரு நாள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெண் என்னையே பார்த்தாள்.

"சார், தெரியுதுங்களா? பெரியண்ணன் மக, தனபாக்கியம்."

கணவனுக்குப் புதுத் தொழிற்சாலையில் வேலை, கைலாசபுரத்தில் குடியிருப்பு. அப்பா தை மாதம் காலமாகிவிட்டார் என்றாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.

"என்னாலதாங்க சார் அப்பாவுக்கு நிலம் போச்சு. என்னைக் கட்டிக்குடுக்கத்தான உங்ககிட்ட அப்படி ஒரு பொய்யச் சொன்னாரு! அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது."

உன்னால் இல்லை, அம்மா. இப்படி ஒரு வாக்கியம் போதும். பாலம் முடிவதற்குள் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன், தெரியுமா?

"எல்லாம் பெருமாள் விட்ட வழி."

அவள் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டாள். நான் இறங்க எழுந்தபோது, "பெரியவர் எறங்குறாரு, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கினாள்.

கைலாசபுரத்தில் எந்த வீதி, எந்த வீடு என்றெல்லாம் கேட்டுவைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை.